தாய்லாந்து சாப்பாட்டுக்கு பீரா, ஒயினா? பாங்காக்கில் அம்மா போட்ட கணக்கு!

"தம்பி, முதல்ல அந்த பாட்டிலை மூடு. நாக்கு வெந்துபோச்சு!"

பாங்காக் போய் இறங்கிய முதல் நாள் இரவு, ஹோட்டல் ரெஸ்டாரன்டில் அப்பா அண்ணனிடம் சொன்னது இது. காரத்தில் அப்பாவை அடித்துக்கொள்ள எங்கள் தெருவிலேயே ஆள் கிடையாது. மோர்மிளகாயை அப்பளம்போல நொறுக்குகிறவர். அவருக்கே கண்ணில் தண்ணீர்.

மேஜையில் இருந்தது கிரீன் கறி, சாதம், சோம் தாம் என்கிற பப்பாளிக்காய் சாலட். நடுவில் ஒரு ரெட் ஒயின் பாட்டில். அண்ணனுக்கும் அண்ணிக்கும் அன்று முதல் கல்யாண நாள். "ஒயின்னா ரெட்தான், அதுவும் ஸ்ட்ராங்கா இருக்கணும்" என்று, மெனுவில் விலை அதிகமானதாகப் பார்த்து அண்ணன் வாங்கியது. அப்பா ஒரு வாய் சோம் தாம் சாப்பிட்டார், ஒரு மடக்கு ஒயின் குடித்தார். அவ்வளவுதான்.

இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது. அப்பா எங்கள் முன்னால் கிளாஸைத் தொட்டது அன்றுதான் முதல் முறை. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த, யாரும் பேசாத விஷயம் அது. சனிக்கிழமை சாயங்காலமானால் 'வாக்கிங்' போவார். திரும்பி வரும்போது வாயில் ஏலக்காய் மணக்கும். அன்றிரவு அம்மா எதுவும் சொல்லவில்லை. மூடிவைக்க வேண்டிய மெனு கார்டையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா வாய் திறந்தது மறுநாள் ராத்திரி. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

போன வாரம் இதே பகுதியில் பாங்காக் தெருக்கடைச் சாப்பாடு பற்றி எழுதியிருந்தேன். அதற்கு இன்பாக்ஸில் அதிகம் வந்த கேள்வி, "அந்தச் சாப்பாட்டோட என்ன குடிக்கலாம்? பீரா, ஒயினா?" என்பதுதான். கேட்டவர்களில் குடும்பத்தோடு போகிறவர்கள் அதிகம். அதனால் இந்த வாரம் அதையே எடுத்துக்கொண்டேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குடிக்காதவர்கள் இதைப் படித்துவிட்டு ஆரம்பிக்க வேண்டாம். ஆல்கஹாலில் 'இவ்வளவு குடித்தால் பாதுகாப்பு' என்று ஓர் அளவே கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஏற்கெனவே குடிக்கிற வயதும் பழக்கமும் உள்ளவர்களுக்கும், அவர்களோடு ஒரே மேஜையில் உட்காருகிறவர்களுக்கும்தான் இந்தக் கட்டுரை.

அப்பாவின் நாக்கில் என்ன நடந்தது?

மிளகாயின் காரத்துக்குக் காரணம் கேப்சைசின் என்கிற வேதிப்பொருள். நம் வாயில் சூட்டை உணர்கிற உணர்விகள் இருக்கின்றன. சூடான காபி பட்டால் 'சுடுது' என்று மூளைக்குத் தகவல் சொல்கிறவை அவைதான். கேப்சைசினும் அதே உணர்வியைத்தான் தட்டி எழுப்புகிறது. அதனால்தான் காரம் சாப்பிட்டால் 'எரியுது' என்கிறோம். இந்த உணர்வியை 1997-ல் கண்டுபிடித்தது அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸின் குழு. அதற்குப் பயன்பட்டதே கேப்சைசின்தான். 2021-ல் மருத்துவ நோபல் பரிசு பெற்ற இருவரில் ஜூலியஸும் ஒருவர்.

சாதாரணமாக இந்த உணர்வி சுமார் 43 டிகிரி செல்சியஸைத் தாண்டினால்தான் விழித்துக்கொள்ளும். ஆல்கஹால் பட்டால் அந்த எல்லை சுமார் 34 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. நம் உடம்பின் சூடே 37 டிகிரி! அதாவது, வாயின் இயல்பான சூடே சுடுவதுபோலத் தோன்றும். காயத்தில் ஸ்பிரிட் வைத்தால் சுரீர் என்கிறதே, அதற்கும் இதுதான் காரணம். மிளகாய் ஏற்கெனவே எழுப்பிவிட்ட உணர்வியின் மேல் போய் ஸ்ட்ராங்கான ஒயினை ஊற்றினால், எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றிய கதைதான்.

இதோடு ரெட் ஒயினில் டானின் வேறு இருக்கிறது. திராட்சையின் தோலிலிருந்தும் கொட்டையிலிருந்தும் வருகிற துவர்ப்பு. கொட்டைப்பாக்கைக் கடித்தால் வாய் இழுத்துப் பிடிக்குமே, அதே வேலையைத்தான் இதுவும் செய்யும். காரத்தில் வெந்த நாக்குக்கு அந்தத் துவர்ப்பு ஆகவே ஆகாது.

"அப்ப பீர் குடிச்சா எரிச்சல் அடங்குமே?" என்று கேட்பீர்கள். பாதி உண்மை. கேப்சைசின் தண்ணீரில் கரையாது. பீரில் 5 சதவிகிதம்தான் ஆல்கஹால், மற்றதில் பெரும்பகுதி தண்ணீர். அதனால் பீர் காரத்தைக் கழுவிவிடாது. ஜில்லென்று இருப்பதால் ஒரு நிமிடம் இதமாக இருக்கும், பிறகு எரிச்சல் திரும்பி வரும். உண்மையில் காரத்தைத் தணிப்பது பால், தயிர் வகைகள்தான். அதனால்தான் நம் ஊர் விருந்தே மோர் சாதத்தில் முடிகிறது.

ஒரே ஒரு சூத்திரம்

தாய்லாந்துச் சமையல் புளிப்பு, இனிப்பு, உப்பு, காரம் நாலையும் ஒரே வாயில் கொடுக்கும். எலுமிச்சை அல்லது புளி, பனைவெல்லம், 'நாம் பிளா' என்கிற மீன் சாறு, மிளகாய். இதோடு எலுமிச்சைப்புல், சித்தரத்தைக்கு உறவான கலங்கல் கிழங்கு, நார்த்தை வாசம் அடிக்கிற மக்ரூட் எலுமிச்சை இலை.

இங்கே ஒரு சுவாரசியம். மிளகாய் தாய்லாந்துக்கும் சொந்தச் சரக்கு இல்லை. அமெரிக்கக் கண்டங்களிலிருந்து 16-ம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர்கள் வழியாகப் போனது. அதற்கு முன் அங்கேயும் காரம் என்றால் மிளகுதான். இன்று தாய் மொழியில் மிளகாய்க்கு 'ப்ரிக்' என்று பெயர். மிளகுக்கோ 'ப்ரிக் தாய்', அதாவது 'தாய்லாந்து ப்ரிக்'. நாமும் மிளகைப் பார்த்துத்தானே 'மிளகாய்' என்று பெயர் வைத்தோம்? விருந்தாளி வந்து வீட்டுக்காரராகிவிட்ட கதை இரண்டு ஊரிலும் ஒன்றுதான்.

இந்த நாலு சுவைக்கும் பொருந்துகிற பானத்துக்கு என்ன வேண்டும்? ஆல்கஹால் குறைவு, துவர்ப்பு குறைவு, லேசான இனிப்பு, கொஞ்சம் புளிப்பு, நல்ல குளிர்ச்சி. இந்த ஐந்தையும் ஞாபகம் வைத்துக்கொண்டால் எந்த மெனு கார்டையும் தைரியமாகத் திறக்கலாம். அண்ணன் வாங்கிய ரெட் ஒயின் ஐந்திலும் ஃபெயில்!

பீர் என்றால்...

தாய்லாந்தின் பழைய பீர் 'சிங்கா'. அதைத் தயாரிக்கும் பூன் ராட் நிறுவனம் 1933-ல் தொடங்கியது. பெயரைக் கேட்டதும் உங்களுக்குத் தோன்றுவது சரிதான். சமஸ்கிருத 'சிம்ஹ'த்திலிருந்து அங்கே போன சொல், நம் சிங்கத்துக்குச் சொந்தம். லேபிளிலும் புராணச் சிங்கம்தான் நிற்கும். அடுத்தது 1995-ல் வந்த 'சாங்'. தாய் மொழியில் 'சாங்' என்றால் யானை. லேபிளில் இரண்டு யானைகள் எதிரெதிரே நிற்கும். இரண்டுமே 5 சதவிகிதம் ஆல்கஹால் உள்ள லாகர் வகை. கசப்பு அதிகம் இல்லாத, லேசான பீர். வறுத்தது, சுட்டது, நூடுல்ஸ் எல்லாவற்றோடும் ஒத்துப்போகும்.

அங்கே பீர் கிளாஸில் ஐஸ் கட்டி போடுகிறார்கள். முதலில் பார்த்தபோது அண்ணன் "ஐயையே" என்றான். ஆனால் அந்த வெயிலில் பீர் ஐந்து நிமிடத்தில் வெதுவெதுப்பாகிவிடும். ஐஸ் அதைக் கடைசிவரை ஜில்லென்று வைத்திருக்கிறது. ஐஸ் கரையக் கரைய பீரின் வீரியமும் குறைந்துகொண்டே போகும். காரத்துக்கு அதுதானே வேண்டும்?

கோதுமை பீர் கிடைத்தால் தேங்காய்ப்பால் கறிகளுக்கு இன்னும் பொருத்தம். பெல்ஜியம் பாணி கோதுமை பீரில் தனியா விதையும் ஆரஞ்சுத் தோலும் சேர்ப்பார்கள். தனியா நம் குழம்புக்கும் கிரீன் கறிக்கும் பொதுவான சரக்கு என்பதால் வாசம் சண்டை போடாது.

தவிர்க்க வேண்டியது ஐபிஏ என்கிற கசப்பு பீர். காரமும் கசப்பும் சேர்ந்தால் ஒன்றை ஒன்று ஏற்றிவிடும்.

ஒயின் என்றால்...

வெள்ளை ஒயின் பக்கம் போங்கள். முதல் தேர்வு லேசான இனிப்புள்ள ரீஸ்லிங். ஜெர்மனியின் 'காபினெட்' வகை ரீஸ்லிங்குகள் பலவற்றில் ஆல்கஹால் 8, 9 சதவிகிதம்தான். புளிப்பும் இனிப்பும் சமமாக இருக்கும். இரண்டாவது, கெவூர்ஸ்ட்ராமினர். வாயில் நுழையாத பெயர், மூக்கில் நுழைகிற வாசம். லிச்சிப் பழமும் ரோஜாவும் கலந்ததுபோல இருக்கும். ஆனால் இதில் ஆல்கஹால் கொஞ்சம் கூடுதலாக இருக்கும், லேபிளைப் பார்த்து வாங்க வேண்டும். மூன்றாவது, செனின் பிளாங்க். நம் நாசிக் பக்கமும் இந்தத் திராட்சை விளைகிறது.

தாய்லாந்திலேயே ஒயின் தயாரிக்கிறார்கள் என்பது எனக்கு அங்கே போன பிறகுதான் தெரியும். ஒயின் திராட்சைக்கு ஏற்ற இடம் பூமியின் 30 முதல் 50 டிகிரி அட்சரேகைக்குள் என்பது பழைய கணக்கு. பாங்காக்குக்கு வடகிழக்கே இருக்கும் காவ் யாய் மலைப்பகுதி சுமார் 14 டிகிரியில் இருக்கிறது. குளிர்காலமே இல்லாத இடத்தில் திராட்சைக் கொடி தூங்கவே தூங்காது. சரியான நேரத்தில் கவாத்து செய்துதான் அதற்குப் பருவம் காட்ட வேண்டும். தேனி மாவட்டம் கம்பத்தில் பன்னீர் திராட்சை வளர்க்கும் விவசாயிகளுக்கு இந்தக் கதை புதிதாக இருக்காது.

காவ் யாயில் கிரான்மாண்டே என்ற தோட்டத்தின் ஒயின் தயாரிப்பாளர் நிக்கி லோஹித்நாவி என்கிற பெண். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு பல்கலைக்கழகத்தில் ஒயின் தயாரிப்பு படித்துவிட்டுச் சொந்தக் குடும்பத்தின் தோட்டத்துக்குத் திரும்பியவர். ஹுவா ஹின் பக்கம் 'மான்சூன் வேலி' என்ற தோட்டமும் இருக்கிறது. மெனுவில் இந்தப் பெயர்களில் செனின் பிளாங்க் இருந்தால், வெளிநாட்டு ரெட் ஒயினைவிட அதைக் கேட்பது நல்லது. உள்ளூர் சாப்பாட்டுக்கு உள்ளூர் ஒயின்.

எந்த டிஷ்ஷுக்கு எது?

சோம் தாம்: பச்சை மிளகாயின் காரம் நேராக நாக்கில் அறையும். இனிப்புள்ள ரீஸ்லிங், அல்லது ஐஸ் போட்ட லாகர். பக்கத்தில் ஒட்டரிசிச் சாதம் கட்டாயம்.

டோம் யம் சூப்: புளிப்பான சூப். ஒயினும் அதே அளவு புளிப்பாக இருந்தால்தான் எடுபடும். சாவினியோன் பிளாங்க் சரியாக வரும். உண்மையைச் சொன்னால், சூப்போடு எதுவும் தேவையே இல்லை.

கிரீன் கறி: பார்க்கச் சாதுவாக இருக்கும், நம்ப வேண்டாம். கோதுமை பீர், அல்லது கெவூர்ஸ்ட்ராமினர்.

பாட் தாய்: புளி, வெல்லம், வேர்க்கடலை சேர்ந்த நூடுல்ஸ். காரம் குறைவு. லாகர் பீரோ, நுரைக்கிற வெள்ளை ஒயினோ போதும்.

மாஸமான் கறி: பட்டை, கிராம்பு, ஏலக்காய், உருளைக்கிழங்கு. கிட்டத்தட்ட நம் குருமாவின் உறவு. காரம் குறைவு என்பதால் இதற்கு மட்டும் ரெட் ஒயினை அனுமதிக்கலாம். அதுவும் பினோ நுவார் மாதிரி துவர்ப்பு குறைந்ததாக, லேசாக ஜில்லென்று.

மாம்பழம்-ஒட்டரிசி: இனிப்பு சாப்பிடும்போது ஒயின் அதைவிட இனிப்பாக இருக்க வேண்டும், இல்லையென்றால் ஒயின் புளித்துத் தெரியும். இத்தாலியின் மொஸ்காட்டோ டாஸ்டி பொருந்தும். ஆல்கஹாலும் 5 சதவிகிதத்தை ஒட்டித்தான்.

அம்மாவின் கிளாஸ்

இரண்டாம் நாள் இரவு ஹோட்டலை விட்டுவிட்டு, பக்கத்துச் சந்தில் ஓர் அக்கா நடத்துகிற கடைக்குப் போனோம். பிளாஸ்டிக் நாற்காலி, தகர மேஜை. சுட்ட கோழியும் சோம் தாமும் சொன்னோம். "காரம் கொஞ்சம்" என்று சைகையில் காட்டியதும் அந்த அக்கா சிரித்துவிட்டார். அண்ணன் ஒரே ஒரு பெரிய பாட்டில் லாகர் வாங்கினான். ஒரு வாளி ஐஸும் வந்தது.

"அத்தை, உங்களுக்கு?" என்று அண்ணி கேட்டார்.

அம்மா எழுந்து போய், கடை வாசலில் வரிசையாக இருந்த பானங்களை முகர்ந்து பார்த்தார். முதலாவதை முகர்ந்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "இது வில்வப்பழம்டி!" நிஜமாகவே வில்வம்தான். காய்ந்த வில்வத் துண்டுகளைக் கொதிக்கவைத்து, சர்க்கரை சேர்த்துக் குளிரவைத்த 'நாம் மதூம்'. அடுத்த ஜாடியில் இருந்த நீல நிறத் தண்ணீர் நம் சங்குப்பூ. அதில் எலுமிச்சை பிழிந்ததும் ஊதா நிறத்துக்கு மாறியது. மூன்றாவது எலுமிச்சைப்புல் தண்ணீர். அம்மா சங்குப்பூவை எடுத்துக்கொண்டார். அண்ணிக்குக் கெட்டிப்பால் ஊற்றிய தாய்லாந்து ஐஸ் டீ.

சாப்பிட்டு முடிக்கும்போது ஒன்றைக் கவனித்தேன். அந்தக் காரத்துக்கு எல்லோரையும்விட நிம்மதியாகச் சாப்பிட்டது அம்மாவும் அண்ணியும்தான். மேலே சொன்ன சூத்திரத்தை எடுத்துப் பாருங்கள். ஆல்கஹால் இல்லை, இனிப்பு இருக்கிறது, புளிப்பு இருக்கிறது, ஜில்லென்று இருக்கிறது. அண்ணியின் டீயில் பாலும் இருக்கிறது. ரீஸ்லிங்கைத் தேடி அலைந்ததெல்லாம், அந்த ஜாடி செய்கிற வேலையை ஓரளவாவது செய்கிற ஒயினைத் தேடித்தான்! தாய்லாந்துச் சாப்பாட்டைப் பொறுத்தவரை, பானத்தில் ஆல்கஹால் குறையக் குறைய ருசி கூடுகிறது. குடிக்காதவர்கள் அந்த மேஜையில் எதையும் இழக்கவில்லை.

அப்பா அரை கிளாஸ் பீரில் ஐஸைச் சுற்றிக்கொண்டிருந்தார். அண்ணன் மறுபடி ஊற்றப் போனான். அப்போதுதான் அம்மா பேசினார்.

"என்னங்க, இத்தனை வருஷம் ஒளிஞ்சு குடிச்சீங்களே, அப்ப எவ்வளவுன்னு உங்களுக்கு மட்டும்தான் தெரியும். நான் வாசல்ல உட்கார்ந்து மணியைத்தான் எண்ணிக்கிட்டிருந்தேன். இன்னிக்கு எங்க எல்லாருக்கும் தெரியும். அரை கிளாஸ்."

யாரும் பேசவில்லை. அப்பா கிளாஸின் மேல் கையை வைத்து மூடினார். "போதும் தம்பி" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, அம்மாவின் ஊதா கிளாஸைக் காட்டி, "அதுல ஒரு வாய் குடு" என்றார்.

'வெளிப்படையாகக் குடித்தால் சரி' என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. பிரஷர் மாத்திரை சாப்பிடுகிற அப்பாவுக்கு அந்த அரை கிளாஸும் தேவையில்லாததுதான். ஆனால் எங்கள் வீட்டில் 20 வருடமாக யாரும் கேட்காத ஒரு கணக்கை, அம்மா முதல் முறையாகச் சத்தமாகக் கேட்டது அந்தத் தகர மேஜையில்தான்.

போவதற்கு முன் கவனிக்க...

தாய்லாந்தில் 20 வயது நிறையாதவர்களுக்கு மது விற்கக் கூடாது. தமிழ்நாட்டில் அந்த வரம்பு 21 வயது. அங்கே மதியம் 2 மணியிலிருந்து 5 மணி வரை கடைகளில் மது விற்பனை கிடையாது என்ற விதி பல வருடங்களாக இருந்தது. புத்தர் தொடர்பான புனித நாள்களிலும் தடை உண்டு. சமீபத்தில் சில தளர்வுகள் வந்திருக்கின்றன. அதனால் போகிற சமயத்தில் ஹோட்டலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் கேட்காமல் ஒரு வாய்கூட வேண்டாம். குடித்தவர் கையில் வண்டிச் சாவி போகவே கூடாது, அது வாடகை ஸ்கூட்டராக இருந்தாலும்.

ஊர் திரும்பி இரண்டு மாதம் ஆகிறது. நான் சென்னையில், அவர்கள் திருச்சியில். அப்பாவின் சனிக்கிழமை வாக்கிங் நிற்கவில்லை. ஆனால் போன வாரம் அண்ணி வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் அனுப்பினார். அப்பா கிளம்பும்போது அம்மாவும் செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே கிளம்பிவிட்டாராம். அரை மணி நேரத்தில் இருவரும் திரும்பி வந்தார்களாம்.

அம்மா கையில் ஒரு பை. வரும் வழியில் யார் வீட்டு வேலியிலோ பறித்த சங்குப்பூ.

உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் யாரும் பேசாத விஷயம் எது? முடிந்தால் எழுதுங்கள். பெயர் போட மாட்டேன். அடுத்த வாரம், தாய்லாந்து டீயை வீட்டிலேயே போடுவது எப்படி என்று பார்க்கலாம்.